அக்காவுக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 43. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், பிறை தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை. போன வருடம் என் அக்கா சமைத்துக்கொண்டிருந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மூளையில் அன்யூரிசம் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் இறந்துவிட்டார். அவருக்கு 48 வயது. அம்மாவும் 46 வயதில் வீட்டிலேயே திடீரென்று போனவர். அப்பா இனிப்பு நீரால் (நீரிழிவு) டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிறார். மூன்று நான்கு மாதமாக எனக்கு மத்தியானத்துக்கு மேல் பின் கழுத்திலிருந்து தலைவலி ஏறுகிறது. சில நாள் வலது பக்கம் அதிகம். வலது கண் இமை வேறு துடிக்கிறது. அநேகமாகத் தினமும் பெனடால் எக்ஸ்ட்ரா போடுகிறேன். கிளினிக்கில் பிரஷர் சரியாக இருக்கிறது என்றார்கள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் மூளை ஸ்கேன் பேக்கேஜ் விளம்பரம் பார்த்தேன். எடுக்கலாமா? எந்த மாதிரி வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? தம்பி, "பயந்தே சாகப்போகிறாய்" என்று சிரிக்கிறான். அவன் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் ஊதுகிறவன். தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறேன். எடுக்கலாமா, வேண்டாமா?

பதில்: சகோதரி, அக்காவைப் பறிகொடுத்த வீட்டில் தலை லேசாக வலித்தாலும் மனம் அங்கேதான் போய் நிற்கும். தம்பி சிரித்தால் சிரிக்கட்டும், நீங்கள் கேட்டது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தலைவலியைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஒரு வரி. அதற்கு வருகிறேன். முதலில் தலைவலியை முடித்துவிடுவோம்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிளை பிரியும் இடத்தில் அதன் சுவர் பலவீனமாகி, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல் புடைத்துக்கொள்வதுதான் அன்யூரிசம். பெரியவர்கள் 100 பேரை எடுத்தால் சுமார் 3 பேருக்கு அது இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசிவரை வெடிப்பதில்லை. இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். வெடிக்காத சிறிய அன்யூரிசம் பொதுவாக வலிப்பதும் இல்லை. ஆகவே, மாதக்கணக்கில் வலிக்கிறதே, உள்ளே ஏதோ வீங்கிக்கொண்டே போகிறதோ என்ற உங்கள் கணக்கு பெரும்பாலும் தப்பு.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், மத்தியானம் தொடங்கி, கழுத்திலிருந்து ஏறும் வலி, தசை இறுக்கத்தால் வரும் தலைவலி போலத் தெரிகிறது. ஒரு பக்கம் அதிகம் என்பதால் ஒற்றைத் தலைவலியும் கலந்திருக்கலாம். வாந்தி உணர்வு, வெளிச்சம் பிடிக்காமல் போவது உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த இரண்டையும்விட எனக்குச் சந்தேகம் அந்த மாத்திரை மேல்தான். பெனடால் எக்ஸ்ட்ராவில் பாராசிட்டமாலோடு காஃபினும் இருக்கிறது. இப்படிக் கலந்த மாத்திரையை மாதத்தில் 10 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போட்டுக்கொண்டே வந்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். சாதாரண பெனடால் என்றால் 15 நாள். வலிக்கிறது என்று போடுகிறோம், போடுவதால் மறுநாளும் வலிக்கிறது. நம்மில் பலர் கைப்பையில் ஒரு அட்டை பெனடால் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை, அதனால் இது நம்மிடம் நிறையவே உண்டு. நிறுத்தினால் முதல் ஒன்று இரண்டு வாரம் வலி கூடும், அதற்குப் பயந்துதான் பலர் திரும்பவும் அட்டையைப் பிரிக்கிறார்கள். கிளினிக் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், தேவையானால் வேறு தடுப்பு மருந்து கொடுப்பார். கோடாலித் தைலம் தேய்த்துக்கொள்வதற்குத் தடையில்லை.

கண் துடிப்பது. பெண்களுக்கு வலது கண் துடித்தால் ஆகாது என்று பாட்டிமார் சொல்வார்கள். நரம்பு டாக்டர்கள் அப்படிச் சொல்வதில்லை. தூக்கக் குறைவு, களைப்பு, அதிகக் காப்பி, இவைதான் வழக்கமான காரணம், ஷிஃப்ட் வேலை செய்கிறவருக்குச் சொல்லவே வேண்டாம். பயப்பட வேண்டிய கண் அறிகுறி வேறு. ஒரு பக்க இமை தொங்கிப்போய்த் தூக்க முடியாமல் இருப்பது, அந்தக் கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக விரிந்திருப்பது, ஒன்று இரண்டாகத் தெரிவது. புடைப்பு கண்ணுக்குப் போகும் நரம்பை அழுத்தினால் இப்படி ஆகும். தலை வலித்தாலும் வலிக்காவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது இது. நாளைக்குப் பார்ப்போம் என்று தூங்கப் போகக் கூடாது.

சரி, ஓட வேண்டிய வலி எது என்று கேட்டீர்கள். அன்யூரிசம் வெடிக்கும்போது வரும் வலி வந்த வேகத்திலேயே அடையாளம் தெரியும். நன்றாக இருந்த மனிதருக்குச் சில நொடியில், அதிகம் போனால் ஒரு நிமிடத்தில், வாழ்க்கையில் பார்த்திராத அளவுக்கு வலி உச்சத்துக்குப் போய்விடும். மெல்ல மெல்ல ஏறி மாலைக்குள் தாங்க முடியாமல் போகும் வலி வேறு. கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, மயக்கம், வலிப்பு வரலாம், எதுவும் வராமல் வலி மட்டும் வந்தும் நிற்கலாம். சிலருக்குப் பெரிய வெடிப்புக்குச் சில நாள் அல்லது சில வாரம் முன்பு இப்படி ஒரு திடீர் வலி வந்து தானாகவே அடங்கிவிடும். ரத்தம் லேசாகக் கசிந்திருப்பதால் வருவது. "பெனடால் போட்டேன், போய்விட்டது" என்று விட்டுவிடுவார்கள். திடீரென்று இடி விழுந்ததுபோல் வந்த வலி அடங்கிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வந்த விதம்தான் கணக்கு, இப்போது வலிக்கிறதா என்பது கணக்கில்லை.

அப்படி வந்தால் 999-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். நீங்களே கார் ஓட்டிப் போகாதீர்கள். பாலம் கடந்து தீவுக்குப் போய் பினாங்குப் பெரியாஸ்பத்திரியில் காட்டினால்தான் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். அங்கே மூளை அறுவைப் பிரிவு இருப்பது உண்மை. ஆனால் முதலில் வேண்டியது சி.டி. ஸ்கேன், அது உங்கள் பக்கத்திலேயே செபராங் ஜெயா ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பார்த்துவிட்டுத் தேவையானால் அவர்களே அனுப்புவார்கள். வீட்டில் யாராவது ஸ்ட்ரோக் என்று நினைத்து ஆஸ்பிரின் கொடுத்துவிடப் போகிறார்கள், அதையும் இப்போதே சொல்லி வையுங்கள். ரத்தம் கசிகிற இடத்தில் ஆஸ்பிரின் கெடுதல்.

அவசரப் பிரிவுக் கவுண்டரில் பேசும் விதத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் எத்தனையோ பேர் அங்கே வாய் திறக்கத் தெரியாமல் நேரத்தை விடுகிறார்கள். வெறுமனே "சாக்கிட் கெப்பாலா" (மலாயில் தலைவலி) என்றால் தலைவலிக்காரர் பத்தோடு பதினொன்றாக, அவசரமில்லாதவர்கள் காத்திருக்கும் பச்சை மண்டலத்தில் உட்கார வேண்டியிருக்கும். "திபா-திபா" (மலாயில் திடீரென்று) என்று ஆரம்பியுங்கள். திடீரென்று வந்தது, ஒரு நிமிடத்துக்குள் உச்சம், இத்தனை மணிக்கு வந்தது, அக்கா அன்யூரிசம் வெடித்து இறந்தவர். இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். மணி முக்கியம். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுத்த சி.டி. ஸ்கேன் இந்த ரத்தக் கசிவை அநேகமாகத் தவறவிடுவதில்லை. நேரம் போகப் போக அதன் கண்ணுக்குத் தப்புவது கூடும். தாமதமாகப் போய், சி.டி.யில் ஒன்றும் தெரியவில்லை என்றால், முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். இந்த இடத்தில்தான் நம் குடும்பங்கள் தடுமாறும். "முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும்" என்று ஒரு மாமா சொல்வார், உடனே ஏ.ஓ.ஆர். பாரத்தில் (சொந்தப் பொறுப்பில் வீட்டுக்குப் போகிறோம் என்ற பாரம்) கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த ஊசி தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே போடுவது. மறுநாள் தலைவலி வரலாம், அது சகஜம். கசிவு இருந்து கண்டுபிடிக்காமல் விட்டால், மறுபடி வெடிக்கும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது முதல் 24 மணி நேரத்தில். எந்த மாமா சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்யூரிசம் இல்லாவிட்டாலும் சும்மா இருக்கக் கூடாத தலைவலிகள் சில உண்டு. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி, கை கால் ஒரு பக்கம் பலமிழப்பது அல்லது பேச்சுக் குழறுவது, விழுந்து தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போவது. இவற்றுக்கும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். படுத்தால் கூடி விடிகாலையில் வாந்தியோடு எழுப்பும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி, இவற்றுக்கு அந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள்.

இப்போது அம்மாவுக்கு வருவோம்.

அன்யூரிசம் குடும்பத்தில் வருமா என்றால், வரும் குடும்பங்களும் உண்டு. நாங்கள் எண்ணுவது நெருங்கிய ரத்த உறவை மட்டும்: பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள். இதில் ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து கொஞ்சம்தான் கூடுகிறது, எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கும்படி பொதுவாகச் சொல்வதில்லை. இரண்டு பேருக்கு வந்திருந்தால் கதை மாறிவிடும். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, பரிசோதனை செய்யச் சொல்கிறோம். அக்கா ஒருவர். அம்மா இரண்டாமவரா என்பதுதான் கேள்வி.

46 வயதில் வீட்டிலேயே திடீரென்று இறந்தவருக்கு அந்தக் காலத்தில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மாரடைப்பு என்று சொல்லிக் காரியத்தை முடித்திருப்பார்கள். மலேசியாவில் அப்போது வீட்டில் நடந்த மரணங்களில் நிறைய, டாக்டர் பார்க்காமல் போலீஸ் நிலையத்தில் பதிவானவை. மரணச் சான்றிதழில் ஒரு காரணம் எழுதியிருக்கும். யார் சொன்னது, யார் பார்த்தது என்று அதில் தெரியாது. எடுத்துப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அன்றைக்குப் பக்கத்தில் இருந்த யாராவது இன்னும் உயிரோடு இருந்தால், சின்னம்மாவோ பக்கத்து வீட்டு ஆச்சியோ, அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். விழுவதற்கு முன் தலை வலிக்கிறது என்று கத்தினாரா? வாந்தி எடுத்தாரா? வலிப்பு வந்ததா? நெஞ்சைப் பிடித்தாரா, தலையைப் பிடித்தாரா? அதற்குச் சில நாள் முன்பு பெரிய தலைவலி என்று படுத்திருந்தாரா? இத்தனை வருடம் கழித்துக் கேட்டாலும் இது மறப்பதில்லை. பார்த்தவர்கள் கையைத் தலையில் வைத்தே காட்டுவார்கள். அம்மாவின் கூடப் பிறந்தவர்களில் யாராவது இளவயதில் இப்படிப் போனார்களா என்பதையும் அப்படியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் டயாலிசிஸ் பற்றி ஒரு சின்ன விஷயம். இனிப்பு நீரால் சிறுநீரகம் கெட்டதற்கும் அன்யூரிசத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பரம்பரையாக இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள் வளரும் நோய் ஒன்று உண்டு. அது இருக்கும் குடும்பத்தில் மூளை அன்யூரிசமும் கூடுதலாக வரும். அப்பாவின் டயாலிசிஸ் டாக்டரிடம் "சிறுநீரகத்தில் நீர்க்கட்டி இருந்ததா" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அம்மா பக்கத்தில் யாருக்காவது சிறுநீரகம் கெட்டிருந்தாலும் இதையே கேளுங்கள். உங்களுக்கு வயிற்றில் ஒரு அல்ட்ராசவுண்ட் செய்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) போங்கள். 1 வெள்ளி (ரிங்கிட்) செலவு. அக்காவின் ஆஸ்பத்திரி அறிக்கை இருந்தால் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொல்வதைவிட அந்தத் தாள் நிறையப் பேசும். "தலைவலிக்கு ஸ்கேன் வேண்டும்" என்று கேட்காதீர்கள், தலைவலி மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். "அக்கா அன்யூரிசம் வெடித்து இறந்தார், அம்மாவுக்கும் அப்படி இருந்திருக்கலாம் என்று சந்தேகம்" என்று சொல்லுங்கள். அம்மா தலையைப் பிடித்துக்கொண்டுதான் விழுந்தார் என்று சின்னம்மா சொன்னால், என் கிளினிக்குக்கு வந்திருந்தால் அன்றைக்கே நிபுணருக்குக் கடிதம் எழுதியிருப்பேன். நெஞ்சைப் பிடித்தார் என்றால், இனிப்பு நீரோ ரத்தக் கொதிப்போ ஏற்கனவே இருந்தது என்றால், அவசரம் குறைகிறது. அப்போதும் அக்கா ஒருவரை வைத்துக்கொண்டு பரிசோதிக்கலாமா என்று நிபுணரிடம் பேசலாம், தப்பில்லை.

பரிசோதனைக்கு எம்.ஆர்.ஏ. என்ற ரத்தக்குழாய் ஸ்கேன் போதும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலேயே எடுப்பது. கதிர்வீச்சு இல்லை, பெரும்பாலும் ஊசி மருந்தும் தேவைப்படாது. இரண்டு பேருக்கு வந்த குடும்பம் என்று உறுதியானால் ஒரு தடவை எடுத்துச் சரியாக இருப்பதோடு முடிவதில்லை, 5 முதல் 7 ஆண்டு கழித்துத் திரும்பவும் பார்க்கச் சொல்வார்கள்.

அந்த விளம்பரப் பேக்கேஜ் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பணம் கொடுத்து வாங்குவதற்கு முன் அதில் ரத்தக்குழாய் ஸ்கேன் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண மூளை எம்.ஆர்.ஐ. மட்டும் எடுத்துவிட்டு "நார்மல்" என்று தாள் கொடுத்தால், நீங்கள் பயந்த விஷயத்தை யாரும் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். இன்னொன்று, பயத்துக்காக எடுத்த ஸ்கேன் பல நேரம் புதுப் பயத்தோடு வீட்டுக்கு வரும். ரத்தக்குழாய் கிளை பிரியும் இடத்தில் இயல்பாகவே கொஞ்சம் அகன்றிருப்பதும் படத்தில் அன்யூரிசம் போலத் தெரியும். அப்புறம் 2 மில்லிமீட்டரில் ஏதோ இருக்கிறது என்று ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு எத்தனை ராத்திரி தூங்காமல் இருப்பீர்கள்? இன்னும் மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) எடுக்கவில்லை என்றால், ஸ்கேன் முடிவு கையில் வந்த பிறகு விண்ணப்பப் பாரத்தில் அதை மறைக்க முடியாது, அந்த நோயை மட்டும் விலக்கிவிட்டுத்தான் கார்டு தரலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். காரணம் இருந்தால் ஸ்கேன் எடுங்கள், உங்களுக்குக் காரணம் இருக்கலாம் என்றே நினைக்கிறேன். அதைத் தீர்மானிக்க வேண்டியது அம்மாவின் கதை, விளம்பரம் கிடையாது.

ஒருவேளை இருக்கிறது என்று வந்தால்? உடனே தலையைத் திறப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு பெரிது, எந்த இடம், என்ன வடிவம், உங்கள் வயது, பிரஷர், குடும்ப வரலாறு எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். மூளையின் முன்பகுதிக் குழாயில் 7 மில்லிமீட்டருக்குக் குறைவானது என்றால் பல நேரம் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதுதான் வழக்கம். குடும்பத்தில் வெடித்த வரலாறு இருப்பதால் உங்கள் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாக யோசிப்பார்கள். சரிசெய்ய வேண்டும் என்று முடிவானால் இரண்டு வழி. மண்டையைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போடுவது ஒன்று, 1937-ல் வால்டர் டேண்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தொடங்கி வைத்தது. தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திப் புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்புவது இன்னொன்று, இது 1990-களில் வந்தது. உங்களுக்கு எது என்பதை இப்போதே யோசித்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பால்குடம். அன்யூரிசம் இருக்கிறது என்று யாரும் சொல்லாதவரை, பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏற உங்களுக்குத் தடை போட எனக்குக் காரணம் தெரியவில்லை. அதற்குள் ஸ்கேன் எடுத்து ஏதாவது வந்திருந்தால் நிபுணரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். விரதத்தில் வெறும் வயிறும் தண்ணீர்க் குறைவும் உங்கள் பழைய தலைவலியைக் கிளப்பும், அதை வேறு எதுவோ என்று மிரண்டுவிடாதீர்கள். தண்ணீராவது குடியுங்கள். 500-க்கும் மேற்பட்ட படிகள், வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். பிரஷர் ஒரு தடவை சரியாக இருந்தது போதாது. வீட்டிலோ பார்மசியிலோ ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள், 140-க்கு 90-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

கடைசியாகத் தம்பி. அக்கா உங்களுக்கு அக்கா என்றால் அவருக்கும் அக்காதான், அம்மாவும் அதே அம்மாதான். உங்களுக்கு இருக்கும் குடும்ப ஆபத்து முழுவதும் அவருக்கும் இருக்கிறது, அதன் மேல் தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் வேறு. அன்யூரிசம் உண்டாவதற்கும் சரி, வெடிப்பதற்கும் சரி, நாமாகத் தவிர்க்கக்கூடிய காரணங்களில் முதல் இடத்தில் இருப்பவை சிகரெட்டும் கட்டுப்படாத ரத்தக் கொதிப்பும்தான். நீங்கள் புகைப்பதாக எழுதவில்லை, பிரஷரைப் பார்த்திருக்கிறீர்கள். அவர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேளுங்கள். கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகும் அன்றைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சிகரெட்டை நிறுத்த உதவும் பிரிவு அங்கேயே பலவற்றில் இருக்கிறது, பிரஷரையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். வர மாட்டேன் என்று அடம்பிடித்தால் இந்தப் பத்தியை மட்டும் அவருக்கு அனுப்பி வையுங்கள்.